உயில் பதிவு: சார்பதிவாளர் அலுவலகச் சேவை யாருக்குப் பயன்படும், எங்கே கைவிடும்

சொத்து 5 லட்சமோ 5 கோடியோ, உயிலுக்கு முத்திரைத் தீர்வை ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பதிவுக் கட்டணமும் சொத்து மதிப்போடு சேர்ந்து ஏறுவதில்லை. இவ்வளவு குறைந்த செலவில் ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு பாதுகாப்புத் தரும் அரசுச் சேவை வேறு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் பதிவு செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். 28 வயதுக்காரருக்கும் 70 வயதுக்காரருக்கும் ஒரே தாள் போதும் என்று நினைப்பதும் அதே அளவு ஆபத்து.

உயிலைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன் 63-வது பிரிவு கேட்பது எழுதியவரின் கையெழுத்தையும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தையும்தான். வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். அப்படியானால் பதிவு எதற்கு? அலுவலகத்தில் எழுதியவரின் புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள், அடையாள ஆவணத்தைச் சரிபார்ப்பார்கள், ‘இது நீங்கள் எழுதியதுதானா’ என்று நேரில் கேட்பார்கள். ‘அப்பா அப்போது சுயநினைவில் இல்லை’, ‘அது அவர் கையெழுத்தே இல்லை’ என்ற வழக்குகள் எழும்போது இந்தப் பதிவேடு பெரிய பலம். காகிதம் தொலைந்தாலும் நகல் எடுக்கலாம். உயில்கள் பதிவு அலுவலகத்தின் 3-ஆம் புத்தகம் என்ற பதிவேட்டில் தனியாக ஏறுவதால் வில்லங்கச் சான்றில் தெரியாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ தவிர வேறு யாரும் நகல் வாங்க முடியாது. இந்த ரகசியத்தைத் துறை நன்றாகவே காக்கிறது.

பலவீனம் மூன்று இடத்தில். வழக்கு வந்தால், பதிவான உயிலையும் நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்தால் அவரை அழைத்துச் சாட்சி சொல்லவைக்க வேண்டும். அதனால் 70 வயதுக்காரர் தன் வயதொத்த நண்பர்களைச் சாட்சிக்குக் கூட்டிப்போவது சரியல்ல. தன்னைவிட இருபது வயதாவது இளையவர், எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவர், உயிலில் பங்கு இல்லாதவர் வேண்டும். கிறித்தவர்களுக்கு, சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாமலே போகும். இந்துக்களுக்கு இந்த விதி பொருந்தாது என்றாலும் சந்தேகத்துக்கு இடம் கொடுப்பானேன்? அடுத்தது, கடைசியாக எழுதியதுதான் உயில். பதிவான உயிலைப் பின்னாளில் எழுதிய பதிவில்லாத உயில் ரத்தாக்கிவிடும். மூன்றாவதாக, சொத்து விவரத்தில் உள்ள தவறு எழுதியவருடைய தலையில்தான் விடியும். அலுவலகம் அதற்குப் பொறுப்பேற்காது.

சொத்து விவரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ‘ஊரில் உள்ள வீட்டையும் தோட்டத்தையும் மூத்த மகன் அடைய வேண்டியது’ என்று எழுதினால் சண்டைக்கு விதை போட்டாயிற்று. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை, அந்தச் சொத்து எந்தப் பத்திரத்தின் மூலம் வந்தது, அதன் எண், ஆண்டு, எந்தச் சார்பதிவகம் என எல்லாம் வேண்டும். அடுக்குமாடி வீடென்றால் நிலத்தில் உங்களுக்குள்ள பிரிபடாத பாகத்தின் சதுரடி. உட்பிரிவு மாறியிருந்தால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். மூலப்பத்திரத்தில் ஒன்றும் பட்டாவில் ஒன்றும் இருந்தால் பட்டா மாற்றத்தின்போது மனு திரும்பி வரும். முடிவில் ‘இதில் சொல்லாமல் விட்ட, இனி எனக்கு வரக்கூடிய சொத்துகள் இன்னாருக்கு’ என்று ஒரு வரி கட்டாயம். இந்த வரி இல்லாத உயில்கள் ஏராளம்.

எழுதித் தருபவர்களில், ஒரே வீடு, சண்டையில்லாத குடும்பம் என்றால் அனுபவமுள்ள பத்திர எழுத்தர் போதும். பூர்வீகச் சொத்து கலந்திருந்தால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் தன் பங்கை மட்டுமே உயில் எழுத முடியும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1989 திருத்தத்தாலும், நாடு முழுக்க வந்த 2005 திருத்தத்தாலும் மகள்களும் அதில் பங்காளிகள். இஸ்லாமியர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும் என்பதால் அவர்கள் சட்டமறிந்தவரைப் பார்ப்பதே நல்லது. இணையத்தில் படிவம் நிரப்பி உயில் தரும் தளங்கள் கேள்வி கேட்கும் முறையில் உதவுகின்றன. மறந்துபோன கணக்குகள் நினைவுக்கு வரும். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 உயிலுக்குப் பொருந்தாது. மின் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டோம் என்று இருக்காதீர்கள். அச்சிட்டு, பேனாவால், இரண்டு சாட்சிகளோடு.

இனி வயது. கல்யாணமாகாத, வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு உயில் பதிவைவிட நாமினேஷன்தான் அவசரம். வங்கி, பி.எஃப்., காப்பீடு, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாவற்றிலும். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். கல்யாணம் ஆனதும் பி.எஃப். நாமினேஷனைப் புதிதாகக் கொடுங்கள். வங்கியிலும் பங்குகளிலும் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், உரிமையாளர் அல்ல. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 முதல் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். இன்னொன்று: கல்யாணமாகாத இந்து ஆண் உயில் இல்லாமல் இறந்தால் சொத்து முழுவதும் தாய்க்கு, தந்தை முதல் வகுப்பு வாரிசு அல்ல. இருவருக்கும் சேர வேண்டுமென்றால் ஒரு பக்க உயில் எழுதிவையுங்கள்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் உயிலின் உயிர், காப்பாளர் நியமனம். குழந்தை யாரிடம் வளர வேண்டும், பணத்தை யார் நிர்வகிக்க வேண்டும் என்பதைப் பிரித்து எழுதலாம். முதலில் நியமித்தவர் இல்லாமல் போனால் அடுத்தவர் யார் என்பதும் வேண்டும்.

குழந்தையில்லாத பெண்கள் இதை ஒத்திப்போடவே கூடாது. கணவரை இழந்த இந்துப் பெண் உயில் இல்லாமல் இறந்தால், அவர் சம்பாதித்து வாங்கிய வீடுகூடப் பெற்ற தாய்க்குப் போகாமல் கணவரின் வாரிசுகளுக்கே முதலில் போகும். அப்பா அம்மாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் இந்த 15-வது பிரிவு எத்தனை பேருக்குத் தெரியும்?

60-ஐத் தாண்டியவர்களிடம் பிள்ளைகள் உயிலைவிட செட்டில்மெண்ட்தான், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்தான் கேட்பார்கள். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலை முதல் இந்த உச்சவரம்பு. பின்னால் வழக்கு வரும் வாய்ப்பு குறைவு என்பது அதன் நன்மை. ஆனால் எழுதிய அன்றே வீடு கைமாறிவிடும், மனம் மாறினால் திரும்பாது. குடியிருக்கும் ஒரே வீட்டை செட்டில்மெண்ட் செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டுமென்றால் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதுங்கள். அந்த நிபந்தனை எழுத்தில் இருந்தால்தான் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-வது பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பது எளிது.

படுத்த படுக்கையாக இருப்பவருக்காகச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யலாம். மனு கொடுக்க வேண்டும், உடன் ஒரு மருத்துவச் சான்றும் இருக்கட்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதே யாருக்கும் தெரியக்கூடாது என்பவர்கள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரையிட்ட உறையில் உயிலை ஒப்படைக்கலாம். உறையின்மேல் பெயரும் ஆவண வகையும் எழுதித் தர வேண்டும். தீப்பிடிக்காத பெட்டியில் வைப்பார்கள். இந்த வசதியைக் கேட்பவர்கள் குறைவு. ஒப்படைத்ததற்கான அத்தாட்சியின் நகலை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். உயில் இருப்பதே தெரியாவிட்டால் அந்த உறையைத் திறக்கச் சொல்லி யாரும் மனு கொடுக்க மாட்டார்கள்.