கரண்ட் கட் ஆகும் என்று வந்த மெசேஜ்: வெளிநாட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரிலுள்ள வீட்டின் கரண்ட் பில்லைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2023 செப்டம்பரில், ஏழே நிமிடத்தில் என் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) ரூ. 1,38,498 போய்விட்டது. இத்தனைக்கும் நான் எந்தப் பாக்கியும் வைத்திருக்கவில்லை.

நான் அபுதாபியில் முசஃபா பக்கம் வேலை செய்கிறேன். அம்மா பாபநாசத்தில் தனியாக இருக்கிறார். அவருக்கு இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். அன்று மாலை இங்கே 6.10, அதாவது ஊரில் இரவு 7.40. வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்தது. போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே எங்கள் அலுவலரை இந்த எண்ணில் கூப்பிடுங்கள் என்று இருந்தது. படத்தில் மின்வாரியத்தின் முத்திரை.

அம்மாவை இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சீரியல் ஓடும் நேரம், போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்திருக்கிறது. எனக்கு அந்த ஃபிரிட்ஜும் இருட்டில் அம்மா தட்டுத் தடுமாறி நடப்பதும்தான் கண்ணில் நின்றது. மெசேஜில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

பேசியவர் பதற்றமே இல்லாமல், மரியாதையாகப் பேசினார். இந்தியும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. "சார், நீங்கள் பில் கட்டியிருக்கிறீர்கள், ஆனால் ஆதார் இணைத்த பிறகு சிஸ்டத்தில் அப்டேட் ஆகவில்லை" என்றார். நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். 2022 நவம்பரிலிருந்து 2023 பிப்ரவரி வரை மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னார்கள் அல்லவா, அப்போது அம்மாவின் ஆதாரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, இங்கிருந்தே நான்தான் இணைத்தேன். அதில் ஏதோ தப்பு செய்துவிட்டேன் போல என்று நானே நினைத்துக்கொண்டேன். என் வீட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஊரில் எல்லோரும் ஆதார் இணைத்திருக்கிறார்கள், யாரிடம் சொன்னாலும் பொருந்துகிற பேச்சு அது.

பத்து ரூபாய் கட்டினால் அப்டேட் ஆகிவிடும் என்றார். அதற்கு முன் ஒரு செயலியை இறக்கச் சொன்னார். "எங்கள் பக்கத்திலிருந்து உதவி செய்வதற்கு" என்று விளக்கம். அது போன் திரையை இன்னொருவர் பார்ப்பதற்கான செயலி. அதில் வந்த எண்ணைப் படித்துச் சொன்னேன். பிறகு அவர் அனுப்பிய பக்கத்தில் டெபிட் கார்டு விவரங்களை அடித்தேன். கார்டு எண், தேதி, பின்புறம் இருக்கும் மூன்று இலக்கம், எல்லாம். அவர் ஒருமுறைகூட ஓ.டி.பி. கேட்கவில்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஓ.டி.பி.யைச் சொல்லாதே என்றுதானே எல்லோரும் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்? ஆனால் என் இந்திய சிம்மும் அதே போனில்தான் இருந்தது. வந்த ஒவ்வொரு ஓ.டி.பி.யையும் அவர் திரையிலேயே படித்துக்கொண்டார். 49,999, மறுபடி 49,999, பிறகு 38,500.

மூன்றாவது மெசேஜைப் பார்த்ததும் போனை அணைத்துவிட்டு, நண்பரின் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்கினேன். பிறகுதான் அம்மா திரும்பக் கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும், "கரண்ட் பில்லா? அதைப் போன வாரமே அடுத்த வீட்டுத் தம்பி கட்டிட்டானேடா, 585 ரூபா" என்றார்.

அந்த இரவு முழுக்க யோசித்தேன். அந்தப் பொய்யை நான் ஏன் நம்பினேன் என்றால், மின்வாரியத்திலிருந்து வரும் உண்மையான தகவல் ஒன்றுகூட என்னிடம் வந்ததில்லை. இணைப்பு அப்பா பெயரில் இருக்கிறது. பதிவாகியிருந்த செல் நம்பரும் அப்பாவுடையது. 2021-இல் அவர் போன பிறகு அந்த சிம்முக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. ரீடிங் எடுத்ததும், தொகை, கடைசித் தேதி என்று வரும் எஸ்.எம்.எஸ். எல்லாம் யாருமில்லாத நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தது. உண்மையான மெசேஜ் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால், இதில் நம் சர்வீஸ் நம்பரே இல்லையே என்று அப்போதே கேட்டிருப்பேன்.

இன்னொன்றும் அதிலேயே இருந்தது. "போன மாத பில்" என்றார்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. எடுத்த நாளிலிருந்து கட்டுவதற்கு 20 நாள் இருக்கிறது. அது தாண்டினாலும் ஃபியூஸைப் பிடுங்க ஆள் பகலில்தான் வருவார், இரவு 9.30 மணிக்கு யாரும் வரமாட்டார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த விஷயம்தான் இது. அன்றைக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

பணம் போனவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், முதலில் வங்கி, அடுத்து 1930. இந்தியா முழுவதற்குமான சைபர் பண மோசடிப் புகார் எண் அது. இங்கிருந்து முயன்றபோது எனக்கு லைன் கிடைக்கவில்லை, தஞ்சாவூரில் இருக்கும் மச்சானைக் கூப்பிடச் சொன்னேன். அவர் இரவு 9 மணிக்குள் பேசிவிட்டார். அதனால்தான் கடைசியாகப் போன 38,500 மட்டும் வழியிலேயே நிறுத்தப்பட்டு, ஐந்து மாதம் கழித்துத் திரும்ப வந்தது. முதல் இரண்டும் அதற்குள் கைமாறிவிட்டன. உங்களுக்காக ஊரிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிடப்போவது யார் என்பதை இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் கேட்டபோது ரிசர்வ் வங்கியின் 2017 விதியைக் காட்டினார்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்துக்கு, வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை அவரே பொறுப்பு, சொன்ன பிறகு போவதற்குத்தான் வங்கி பொறுப்பு. விதி அப்படித்தான் இருக்கிறது. ஆனால் திரையைத் திருட்டுத்தனமாகப் பார்த்துப் படித்த ஓ.டி.பி.யையும் நான் கொடுத்ததாகவே எழுதிப் புகாரை மூடியது இன்றுவரை எனக்கு வலிக்கிறது.

அப்புறம் செய்தவற்றைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். மச்சானைப் பிரிவு அலுவலகத்துக்கு அனுப்பி செல் நம்பரை மாற்றினேன். இப்போது பதிவாகியிருப்பது அவருடைய நம்பர், எஸ்.எம்.எஸ். வந்ததும் எனக்கு அனுப்பிவிடுவார். பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது, அந்த வேலை தனியாக நடந்தது. இ.பி. கார்டைப் போட்டோ எடுத்து, சர்வீஸ் நம்பரைப் போனிலும் ஒரு தாளிலும் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நம்பர் கையில் இருந்தால் மின்வாரியத்தின் தளத்தில் பாக்கி இருக்கிறதா என்று இரண்டே நிமிடத்தில் பார்த்துவிடலாம். சந்தேகமாக இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் கேட்கலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் முன்பணம் கட்டி வைத்தால் அடுத்தடுத்த பில்லில் கழித்துக்கொள்வார்கள்.

அந்த என்.ஆர்.ஓ. கணக்கில் இப்போது இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வைப்பதில்லை. அம்மாவிடமும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். சீரியல் பார்க்கும்போது போன் மடியில் இருக்க வேண்டும். நான் அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தால் எதை விட்டாவது எடுக்க வேண்டும். போன வாரம் அதே மாதிரி மெசேஜ் மறுபடி வந்தது, இந்த முறை எங்கள் மச்சானுக்கு. அவர் சர்வீஸ் நம்பர் என்ன என்று கேட்டு ஒரு வரி அனுப்பினார். பதில் வரவில்லை.