பின்னிருக்கையிலிருந்து ஒரு மதிப்புரை: நான்கு பேர் அமரும் சிறு விமானங்கள்

சிறு விமானங்களைப் பற்றி வரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை விமானி அமரும் இடப்பக்க முன்னிருக்கையிலிருந்து எழுதப்படுகின்றன. வேகம் எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு குடிக்கிறது, திரைகள் எப்படி இருக்கின்றன என்றெல்லாம் விரிவாகச் சொல்லிவிட்டு, பின்னிருக்கையைப் பற்றி 'இருவர் தாராளமாக அமரலாம்' என்ற ஒரே வாக்கியத்தோடு முடித்துக்கொள்வார்கள். அந்த வாக்கியத்தை எழுதியவர் அங்கே ஒரு மணி நேரமாவது உட்கார்ந்திருப்பாரா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. என் கணவர் விமானி உரிமம் பெற்ற நாளிலிருந்து, ஆறு ஆண்டுகளாக, எனக்கு வாய்த்தது பின்னிருக்கைதான். முன்னால் வலப்பக்க இருக்கை, மூட்டுவலியை முன்னிட்டும் மரியாதையை முன்னிட்டும், எங்களுடன் வசிக்கும் மாமனாருக்கு உரியது. பின்னால் நானும் எட்டு வயது மகளும். கலிபோர்னியாவின் லிவர்மோர் விமான நிலையத்திலிருந்து வாடகை விமானம் எடுத்துக்கொண்டு மாதம் ஓரிரு முறை எங்காவது போய் வருகிறோம். இப்போது நண்பர்களோடு சேர்ந்து கூட்டாக ஒரு விமானம் வாங்கலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்திருப்பதால், இதுவரை ஏறிய நான்கு வகை விமானங்களையும் பின்னால் இருப்பவரின் கண்ணோட்டத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் செஸ்னா 172. 1956-இல் விற்பனைக்கு வந்து, இடையில் 1986 முதல் பத்தாண்டுகள் நின்று, மீண்டும் 1996-இல் தொடங்கி இன்றுவரை தயாரிக்கப்படும் இந்த விமானம் 44,000-க்கும் மேல் செய்யப்பட்டிருப்பதால், சிறு விமானத்தில் முதன்முறையாக ஏறுபவர் இதில்தான் ஏறியிருப்பார் என்று துணிந்து சொல்லலாம். இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது. கதவுகள் இரண்டும் முன்னிருக்கைகளை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே பின்னால் போக வேண்டியவர் முன்னிருக்கையை மடித்து, இடுப்பை வளைத்து, ஒரு காலை உள்ளே வைத்துத் திரும்பி, மற்றக் காலை இழுத்துக்கொள்ள வேண்டும். புடவையில் இதைச் செய்வது முடியாத காரியம் அன்று. ஒரு முறை செய்தும் பார்த்தேன். இரண்டாம் முறை சல்வாருக்கு மாறிவிட்டேன். எனினும் தரையிலிருந்து ஒரே ஒரு படி ஏறினால் போதும் என்பதும், இறக்கையின் மேல் ஏறி நடக்க வேண்டியதில்லை என்பதும் முதியவர்களுக்குப் பெரிய வசதி. மாமனாரைக் கேட்டால் இதைத் தவிர வேறு விமானமே வேண்டாம் என்பார்.

உள்ளே அகலம் ஏறக்குறைய 40 அங்குலம். நானும் மகளும் அமரும்போது அது போதும். பெரியவர்கள் இருவர் அமர்ந்தால் தோள்கள் உரசிக்கொண்டே இருக்கும். பின்னிருக்கையில் இருப்பது ஒரே பெஞ்சு என்பதால் நடுவில் தலையணையோ பையோ வைத்து எல்லை போட்டுக்கொள்ள இடமில்லை. முழங்காலுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பது முன்னால் இருப்பவரின் உயரத்தைப் பொறுத்தது. அவருடைய இருக்கை தண்டவாளத்தில் பின்னுக்கு நகரும் ஒவ்வோர் அங்குலமும் நம் கணக்கிலிருந்துதான் கழிகிறது. உயரமான விமானிக்குப் பின்னால் உயரமான பயணியை உட்கார வைக்காதீர்கள் என்பது என் முதல் அறிவுரை.

இந்த விமானத்தின் உண்மையான அருமை சன்னலில் இருக்கிறது. இறக்கை மேலே இருப்பதால் கீழே தெரியும் நிலத்தை எதுவும் மறைப்பதில்லை. லிவர்மோரிலிருந்து சான் லூயிஸ் ஓபிஸ்போவுக்குச் செல்லும் வழியில் சலினாஸ் பள்ளத்தாக்கு நெடுகிலும் கீரைப் பாத்திகளும் திராட்சைத் தோட்டங்களும் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போலக் கிடக்கும்; 101-ஆம் எண் நெடுஞ்சாலையில் போகும் லாரிகளை மகள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வருவாள். அதே இறக்கை வெயிலுக்குக் குடையாகவும் ஆகிறது. புதிய 172-களில் பின்னால் இருப்பவர்களுக்கென்று தலைக்கு மேல் தனிக் காற்றுத் துளைகள் உண்டு. அவை தரையில் நிற்கும்போது பெரிதாக உதவா; பறக்கத் தொடங்கிய பிறகு நன்றாகவே காற்றைத் தள்ளும்.

குறை என்று பார்த்தால் குலுக்கல்தான். இதற்கு விமானியின் திறமையைக் குறை சொல்லிப் பயனில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது. 172எஸ் வகையின் கையேட்டில் எடைக் கணக்குக்காக, விமானத்தின் முன்பகுதியிலுள்ள ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து அளந்து கொடுத்திருக்கும் தூரங்களைப் பார்த்தால், முன்னிருக்கை 37 அங்குலத்திலும் பின்னிருக்கை 73 அங்குலத்திலும் இருக்கின்றன. முழு எடையில் விமானத்தின் எடை மையம் ஏறக்குறைய 41 அங்குலத்துக்கும் 47 அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். காற்று வாலைப் பிடித்து ஆட்டும்போது விமானம் அந்த மையத்தைச் சுற்றியே திரும்புகிறது. விமானி அந்த மையத்துக்குச் சில அங்குலம் முன்னால் அமர்ந்திருக்கிறார். நாம் இரண்டடிக்கும் மேல் பின்னால். அவர் 'லேசான ஆட்டம்' என்று சொல்வதும் எனக்கு வயிற்றைப் புரட்டுவதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான். இந்த வாலாட்டத்துக்குப் பெரிதும் பேர்போனது 'வி' வடிவ வால் கொண்ட பழைய பீச்கிராஃப்ட் பொனான்சா. அதன் பின்னிருக்கையில் ஏறும் வாய்ப்பு எனக்கு இதுவரை வரவில்லை, வராவிட்டாலும் வருத்தமில்லை. 172 எடை குறைந்த விமானமும்கூட: முழு எடையில் ஒரு சதுர மீட்டர் இறக்கைக்கு ஏறத்தாழ 72 கிலோதான் சுமை. கோடைப் பிற்பகலில் சான் வாக்கின் பள்ளத்தாக்கின் சூடான நிலத்திலிருந்து எழும் காற்று அதை மிதவை போலத் தூக்கிப் போடும். காலை ஒன்பது மணிக்குள் கிளம்புவது, முடிந்தவரை அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, கைப்பேசியில் படிக்காமல் இருப்பது, வாயில் ஒரு துண்டு இஞ்சிமரப்பா, இவை நான்கும் சேர்ந்தால் பெரும்பாலும் தாங்கிவிடலாம். வாந்தி எடுக்க நேர்ந்தால் பயன்படும், வாயை இறுக மூடக்கூடிய பை ஒன்றை முன்னிருக்கையின் முதுகுப் பையில் வைத்திருப்பது அநாகரிகம் அன்று, முன்யோசனை.

அடுத்து பைப்பர் ஆர்ச்சர். 1961-இல் வெளிவந்த செரோக்கி குடும்பத்தைச் சேர்ந்தது, தாழ்ந்த இறக்கை, நால்வருக்கும் சேர்த்து வலப்பக்கத்தில் ஒரே ஒரு கதவு. பின்னால் இருப்பவர்கள் முதலில் ஏறிக் கடைசியில் இறங்க வேண்டும் என்பதுதான் இங்கே நடைமுறை. ஜூலை மாத வெயிலில் இதற்கு என்ன பொருள் என்பதை விளக்குகிறேன். நானும் மகளும் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்ட பிறகு, கணவர் ஏறி நகர்ந்து தன் இடத்துக்குப் போய், அதற்கும் பிறகு மாமனார் மெதுவாக இறக்கை மேல் ஏறி வந்து அமர்ந்து, இயந்திரம் கிளம்பி, ஓடுபாதை வரை உருண்டு போகும் அந்தக் கால் மணி நேரம் முழுவதும் பின்னால் காற்றசைவே இருக்காது. முன்னால் இருப்பவர் கதவைக் கையளவு திறந்து பிடித்துக்கொண்டால் காற்றாடியின் காற்று உள்ளே வரும். வருவது அவர் முகத்துக்குத்தான். மேலே ஏறிய பிறகு நிலைமை சீராகிவிடும். 1973-ஆம் ஆண்டு மாதிரியில் உடலை ஐந்து அங்குலம் நீட்டினார்கள். அதற்குப் பிந்தையவற்றில் முழங்காலுக்கு நியாயமான இடம் உண்டு. பழைய விமானம் வாங்குகிறவர்கள் இந்த ஆண்டுக் கணக்கை மறக்கக்கூடாது. முந்தையவற்றில் பின்னிருக்கை குழந்தைகளுக்கே ஏற்றது. காட்சியைப் பொறுத்தவரை, சன்னலுக்கு வெளியே பாதிக்குப் பாதி இறக்கையே தெரியும். மகள் லாரி எண்ணுவதை விட்டுவிட்டு இறக்கையிலுள்ள ஆணிகளை எண்ணத் தொடங்கினாள்.

மூன்றாவதாக டைமண்ட் டிஏ40. ஆஸ்திரியாவில் உருவான விமானம். சொல்ல நிறைய இருப்பது இதைப் பற்றித்தான். பின்னால் அமர்பவர்களுக்கென்று இடப்பக்கத்தில் தனிக் கதவு ஒன்று, மேல் நோக்கித் திறக்கும்படி வைத்திருக்கிறார்கள். இறக்கையின் மேல் ஏற வேண்டியிருப்பது உண்மைதான் என்றாலும், அதன் பிறகு யாருடைய இருக்கையையும் மடிக்காமல், யாருக்கும் முதுகு காட்டாமல், நேராக உள்ளே காலை வைத்து அமர்ந்துவிடலாம். முதல் முறை அந்தக் கதவை நானே திறந்து, நானே ஏறி, நானே சாத்தியபோது, இத்தனை ஆண்டுகளாக என்னைச் சாமானைப் போலத்தான் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள் என்பது உறைத்தது. பெஞ்சுக்குப் பதிலாகத் தனித்தனியே வடிவமைத்த இரண்டு இருக்கைகள்.

இன்னொரு நன்மையை நான் தாமதமாகவே கண்டுகொண்டேன். நாங்கள் எடுக்கும் டிஏ40-இல் முன்னிருக்கைகள் நகர்வதே இல்லை. விமானி தன் உயரத்துக்கேற்பக் காலால் மிதித்து இயக்கும் பெடல்களைத்தான் முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்கிறார். எனவே முன்னால் யார் அமர்ந்தாலும் என் முழங்காலுக்கு உரிய இடம் குறைவதில்லை. இதை வடிவமைத்தவர் பின்னிருக்கையையும் நினைத்துத்தான் செய்தாரா என்று தெரியாது. பலன் என்னவோ எனக்குக் கிடைக்கிறது. வெயில்தான் இதன் விலை. தலைக்கு மேல் இறக்கையின் நிழல் கிடையாது, கண்ணாடிப் பரப்பு மிகுதி. தரையில் நிற்கும்போது முன்னிருக்கைகளுக்கு மேலுள்ள கண்ணாடி மூடியைத் திறந்து வைத்திருந்தால்தான் இருக்க முடியும். தொப்பியும் வெள்ளைத் துண்டும் இல்லாமல் நான் இதில் ஏறுவதில்லை.

நான்காவது சிர்ரஸ் எஸ்ஆர்22. வசதி என்றால் இதுதான்: உள்ளகலம் 49 அங்குலம், 310 குதிரைத்திறன் இயந்திரம், விரும்பினால் ஏசி. முழு எடையில் ஒரு சதுர மீட்டர் இறக்கைக்கு ஏறத்தாழ 120 கிலோ சுமை என்பதால், 172-ஐத் தூக்கிப் போடும் அதே காற்றில் இது மேட்டில் ஏறி இறங்கும் கனமான கார் போலக் கடந்துவிடுகிறது. சான் லூயிஸ் ஓபிஸ்போவுக்கு 172-இல் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்; இதில் ஒரு மணி நேரம். கழிப்பறை இல்லாத வாகனத்தில் குழந்தையோடு போகிறவர்களுக்கு அந்த அரை மணி நேரத்தின் மதிப்புத் தெரியும். விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாராசூட்டின் கைப்பிடி கூரையில் இருக்கிறது. கிளம்புமுன் அதை எப்படி இழுப்பது என்று பின்னால் இருப்பவர்களுக்கும் சொல்லித் தருவது வழக்கம். எட்டு வயது மகள் அந்த விளக்கத்தைக் கேட்ட கவனத்தோடு எந்த வகுப்பிலும் கேட்டிருக்க மாட்டாள். கதவு முன்னால்தான், டிஏ40-இன் தனிக் கதவுக்குப் பழகிய எனக்கு அது ஒரு படி பின்வாங்கலாகவே பட்டது. வாடகையும் வாங்கும் விலையும் எங்கள் கைக்கு எட்டாதவை என்பதால், நண்பர் ஒருவரின் தயவில் மூன்று முறை ஏறியதோடு சரி.

எந்த விமானமானாலும் பொதுவான ஒரு தொல்லை உண்டு: சத்தம். உள்ளே ஹெட்செட் இல்லாமல் பேசவும் முடியாது, நெடுநேரம் இருக்கவும் கூடாது. வீடுகளில் பழைய பாத்திரங்கள் பரண் ஏறுவது போல, பழைய ஹெட்செட்டுகள் பின்னிருக்கைக்கு வந்து சேர்கின்றன. ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய, சத்தத்தைத் தானே அடக்கும் புதிய ஹெட்செட் விமானியின் தலையில் இருக்கும். என் தலையில் இருந்ததோ இடுக்கி போல அழுத்தும் பழையது. மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கு அதன் காம்பு காதுக்கு மேல் பதிந்து, ஒரு மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கத் தொடங்கிவிடும். வாடகைக்கு எடுத்த ஒரு விமானத்தில், எங்கே என்று சொல்ல விரும்பவில்லை, பின்னால் ஹெட்செட் செருகும் துளைகளில் ஒன்று வேலையே செய்யவில்லை. நான் கேட்டுக்கொண்டிருக்க, மகள் எழுபது நிமிடம் எதுவும் கேட்காமல் வந்தாள். கிளம்புமுன் இயந்திரத்தைச் சோதிக்கும் விமானிகள், பின்னால் இருவருக்கும் பேச்சுக் கேட்கிறதா என்பதையும் அதே பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் சீர்செய்யப்படாததால், இறங்கும்போது நிமிடத்துக்கு 500 அடிக்கு மேல் போகாமல் இறக்கினால் காதுக்கு நல்லது. புளிப்பு மிட்டாய் என் கைப்பையில் எப்போதும் இருக்கும்.

எடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பெரியவர்கள் போகலாம் என்று நினைப்பவர்கள் 172எஸ்-ஐ எடுத்துக்கொள்ளட்டும். அது சுமக்கக்கூடிய எடை ஏறத்தாழ 400 கிலோ; ஆளுக்கு 77 கிலோ என்றால் நால்வர் 308; தொட்டி நிறைந்தால் எரிபொருள் 144 கிலோ. இரண்டையும் கூட்டினால், ஒரு பை கூட இல்லாமலேயே, 50 கிலோ அதிகம். ஆக, பின்னிருக்கை இரண்டும் பெரியவர்களால் நிரம்பினால் எரிபொருளைக் குறைத்துக்கொண்டு குறைந்த தூரமே போக வேண்டும். விருந்தினர்களிடம் எடையைக் கேட்கும் சங்கடமான வேலை எங்கள் வீட்டில் எனக்குத்தான். அவர்கள் சொல்லும் எண்ணோடு ஐந்து கிலோ கூட்டிக்கொள்ளும்படி கணவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

என் தீர்ப்பு டிஏ40-க்கே. காட்சிக்காக மட்டும் போவதானால், முதியவர் உடன் வருவதானால், 172. யாராவது ஓசியில் அழைத்தால் எஸ்ஆர்22. பணம் கட்டுமுன் வாங்கப்போகிறவர் பிற்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் பின்னால் அமர்ந்து பறந்து பார்க்க வேண்டும் என்று வீட்டில் நிபந்தனை போட்டேன். சென்ற மாதம் நண்பர் ஓட்ட, என் கணவர் முதன்முறையாகப் பின்னால் ஏறினார். பள்ளத்தாக்கைத் தாண்டும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த இஞ்சிமரப்பா எங்கே இருக்கு?"