டோப்போ ஷீட்டா, கூகுள் எர்த்தா? சம உயரக்கோடு நடத்த எது கைகொடுக்கிறது

ஒன்பதாம் வகுப்பு புவியியலில் நிலவரைபடப் பாடம் வந்தாலே சம உயரக்கோட்டில் வண்டி நின்றுவிடும். "கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு" என்று பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். படத்தைக் கையில் கொடுத்து எந்தப் பக்கம் ஏற்றம், எந்தப் பக்கம் இறக்கம் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். இதற்காக இரண்டு வழிகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். ஒன்று ஸ்மார்ட் போர்டில் கூகுள் எர்த், இன்னொன்று இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட், அதாவது மேடு பள்ளங்களைச் சம உயரக்கோடுகளால் காட்டும் வரைபடத் தாள். இப்போது நான் டோப்போ ஷீட் கட்சி.

கூகுள் எர்த்தின் அழகைச் சொல்லவே வேண்டாம். எங்கள் பள்ளியிலிருந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். திரையில் அதே மலையைச் சாய்த்துக் காட்டி, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் மேலே கூட்டிப்போனால் வகுப்பே அமைதியாகிவிடும். ஆரல் கடல் எப்படி வற்றியது என்பதை 1984 முதல் வருடம் வருடமாக ஓட்டிக் காட்ட முடியும், அதற்கு ஈடாகக் காகிதத்தில் ஒன்றும் கிடையாது. இதே மாதிரி இஸ்ரோவின் புவன் என்ற இணைய வரைபடமும் இருக்கிறது. கரண்ட், நெட் தொல்லையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னைக் கட்சி மாற வைத்தது கரண்ட் இல்லை. மலையைத் திரையே காட்டிவிடுகிறது. பிள்ளை மனதில் மலையைக் கட்டியெழுப்ப வேண்டிய வேலையைக் கணினி செய்து முடித்துவிடுகிறது, பிள்ளை பார்த்து ரசிக்கிறது, அவ்வளவுதான். மறுநாள் வெறும் கோடுகள் உள்ள படத்தைக் கொடுத்தால் முதல் நாள் எங்கே இருந்தார்களோ அங்கேயேதான் இருந்தார்கள். அதோடு 42 பேருக்கு ஒரு திரை. மவுஸைப் பிடிப்பது நான், இல்லையென்றால் முதல் பெஞ்சில் இருக்கும் ஒருவன்.

டோப்போ ஷீட்டில் அந்த வேலையைப் பிள்ளையின் விரல்தான் செய்தாக வேண்டும். 1:50,000 அளவை என்றால் தாளில் 2 செ.மீ. தரையில் 1 கி.மீ. அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயரம். அப்படியென்றால் 1000 மீட்டர் ஏற 50 கோடு தாண்ட வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அடிவாரத்தில் விரலை வைத்து உச்சி வரை எண்ணச் சொன்னேன். மலைச் சரிவுக்கு வந்ததும் கோடுகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, எண்ண முடியாமல் ஒரு மாணவி, "சார், இங்க நேரா ஏறினா வண்டி கவுந்துடும், அதான் ரோட்டை வளைச்சு வளைச்சுப் போட்டிருக்காங்க" என்றாள். நெருங்கிய கோடு செங்குத்துச் சரிவு என்பதை அன்று நான் சொல்லித்தரவே இல்லை.

அப்புறம் ஓடைகள். கோடுகள் ஓடையைக் கடக்கும் இடத்தில் V போல மடங்கும், அதன் கூர்முனை ஓடை எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் இருக்கும். கொல்லிமலையில் ஓடும் அய்யாற்றின் கிளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் போதும், அரை மணி நேரம் நாம் வாயே திறக்க வேண்டாம். வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுவது நீலத்திலும் வறண்டு கிடப்பது கறுப்பிலும் இருக்கும் என்றதும், ஒவ்வொருவரும் தங்கள் ஊர் ஓடை என்ன நிறம் என்று தேட ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வாரம் 100 மீட்டருக்கு ஒரு கோடு என்று எடுத்து, ஒரு சிறு பகுதியை மட்டும் டிரேசிங் தாளில் நகலெடுத்து, அட்டையில் வெட்டி அடுக்கினோம். கோணல்மாணலாக இருந்தாலும் அது அவர்கள் கையால் எழும்பிய மலை.

1767-இல் தொடங்கிய இந்திய நில அளவைத் துறை தனது 250-ஆம் ஆண்டில், 2017-இல், 1:50,000 வரைபடங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி செய்தது. பதிவு செய்துகொண்டு பிடிஎஃப் ஆக எடுக்கலாம். நான் பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் ஏ3 கலர் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து, இரண்டு பேருக்கு ஒன்று என 21 தாள்கள் வைத்திருக்கிறேன். ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி அழிக்கலாம், மூன்று வருடமாக அதேதான் ஓடுகிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கடையில் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அடித்துவிடுவார்கள். முதல் தடவை எனக்கு அப்படித்தான் அடித்துத் தந்தார்கள், 2 செ.மீ. கணக்கே பொய்யாகிப்போய் மொத்தமும் வீணானது. அசல் அளவில்தான் வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள், வாங்கும்போது தாளில் உள்ள அளவுகோலின் மேல் ஸ்கேலை வைத்துச் சரிபாருங்கள்.

குறையும் உண்டு. ஷீட் பழையது, புதிய சாலைகள் பல அதில் இல்லை. எந்த வருடத்தில் அளந்தது என்று ஓரத்தில் போட்டிருப்பதை முதலிலேயே காட்டிவிடுவது நல்லது. வளைந்த மலைச்சாலையை நூல் வைத்து அளந்தால் பைக் மீட்டர் காட்டியதைவிடக் குறைவாகத்தான் வந்தது, அவ்வளவு வளைவும் அந்த அளவில் அடங்காது.

நான் சொல்வதெல்லாம் ஒன்பது, பத்தாம் வகுப்பு அனுபவம். மேல்நிலை வகுப்பில் புவியியல் செய்முறைக்கு இது எப்படி வரும் என்று நடத்திப் பார்த்ததில்லை. பிள்ளைக்கு ஒரு டேப்லெட் என்று இருக்கும் பள்ளியில் கணக்கு வேறாக இருக்கலாம், அங்கே விரல் திரையிலேயே நகருமே.

கூகுள் எர்த்தை நான் விட்டுவிடவில்லை, வரிசையைத்தான் மாற்றினேன். அட்டை மலையை அடுக்கி முடித்த பிறகு திரையைப் போடுகிறேன். போன முறை கொல்லிமலை சாய்ந்து தெரிந்ததும் யாரும் வாயைப் பிளக்கவில்லை, "சார், நம்ம அட்டையில இந்தப் பள்ளத்தை விட்டுட்டோம்" என்று மூன்று பேர் எழுந்து வந்தார்கள்.