காக்காவைத் தாத்தா என்றால்: திருத்துவதா, விளையாடுவதா?

ஜன்னலில் உட்கார்ந்த காக்காவைக் காட்டி மூன்று வயதுக் குழந்தை "தாத்தா!" என்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். உடனே ஒருவர், "தாத்தா இல்ல, காக்கா. எங்க, சொல்லு... கா" என்று ஆரம்பிப்பார். "தா" என்று பதில் வரும். மூன்றாவது தடவை குழந்தை வாயே திறக்காது.

இந்தச் 'சொல்லு, சொல்லு' முறை எனக்குப் பிடிப்பதில்லை. குழந்தைக்குப் பெரும்பாலும் வித்தியாசம் காதில் விழத்தான் செய்கிறது. நீங்களும் காக்காவைத் "தாத்தா" என்று சொல்லிப் பாருங்கள், கோபித்துக்கொள்ளும்! ககரத்துக்கு அடிநாக்கு எழும்பி அண்ணத்தின் பின்பகுதியைத் தொட வேண்டும். குழந்தைக்கோ நாக்கு நுனி பல்லுக்குப் போய்விடுகிறது. வழி காட்டாமல் பத்து தடவை சொல்லச் சொன்னால், பத்து தடவையும் "தா"தான் வரும்.

இதற்குப் பதிலாக, "ஆமா, காக்கா! கருப்புக் காக்கா. அய்யோ, காக்கா பறந்துபோச்சே!" என்று பேச்சோடு பேச்சாகச் சரியான ஒலியை நாலு தடவை காதில் போடலாம். திருத்தியது போலவே இருக்காது, குழந்தையின் பேச்சும் நிற்காது. குறை ஒன்றுதான்: குழந்தை அதைக் கவனிக்காமலே போகலாம்.

அங்கேதான் ஜோடிச் சொல் விளையாட்டு கைகொடுக்கிறது. கட்டு – தட்டு. ஒரு கயிறு, ஒரு டப்பா போதும். குழந்தை சொல்ல வேண்டும், நீங்கள் செய்ய வேண்டும். கயிற்றை நீட்டி "தட்டு" என்றால் டப்பாவைத் தட்டுங்கள். குழந்தை திகைக்கும், மறுபடி முயலும். ஒலி மாறினால் அர்த்தமே மாறுகிறது என்பது அப்போதுதான் உறைக்கும். தினம் ஐந்து நிமிடம் போதும். அழுகை வந்தால் நிறுத்திவிடுங்கள்.

பலூன் ஊதுவது, நாக்கைச் சுழற்றுவது எல்லாம் வெறும் விளையாட்டாக இருக்கட்டும். அவற்றால் ஒலி திருந்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது.

சரி, எதுவுமே செய்யாமல் காத்திருந்தால்? ககரம் தகரமாவது பெரும்பாலும் நான்கு வயதை ஒட்டித் தானாகவே மறையும். ழகரத்துக்கு இன்னும் பொறுக்கலாம், பெரியவர்களே பலர் அதை ளகரமாக்கிக்கொண்டுதானே திரிகிறோம். ஆனால் நான்கு வயதாகியும் வெளியாருக்குப் பேச்சு புரியவில்லையென்றால் காத்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள், அப்புறம் பேச்சுப் பயிற்சியாளரிடம் போங்கள். அவரும் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வைப்பார். ஆனால் நாக்கை எங்கே வைப்பது என்று காட்டிவிட்டு.