கீத்தோர்னா, பூர்தாங்கவா, பிரேடஃபோர்ட்டா? கார் இல்லாமல் ஓர் அமைதியான டச்சுச் சிற்றூருக்கு

ஆம்ஸ்டர்டாமையும் துலிப் வயல்களையும் பார்த்து முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது, "கூட்டமே இல்லாத ஒரு சின்ன ஊர் சொல்லுங்க" என்பதுதான். நெதர்லாந்தில் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பெயர் கீத்தோர்ன். கோட்டை கொத்தளம் பிடிக்கும் என்றால் பூர்தாங்க என்பார்கள். நான் சொல்லும் பெயர் பிரேடஃபோர்ட். உட்ரெக்ட்டில் வசிப்பதால் மூன்றுக்கும் போக வாய்த்தது, ஆனால் நகரத்தை விட்டுக் கொஞ்ச நேரம் எங்கேயாவது போய் இருக்கலாம் என்று தோன்றும்போதெல்லாம் நான் ஏறுவது பிரேடஃபோர்ட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனான ஆல்டன் வழியாகப் போகும் ரயிலில்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என்னைப் போலக் கார் இல்லாதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

அழகைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மூன்றுமே அழகான ஊர்கள், மூன்றிலும் செங்கல் வீடுகளும் சுத்தமான தெருக்களும் ஜன்னலோரம் பூந்தொட்டிகளும் உண்டு, படத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

கீத்தோர்ன் ஓவரைசல் மாகாணத்தில் இருக்கிறது. ஓலை போல நாணல் வேய்ந்த கூரை வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு நிலம், அதற்குப் போக ஒரு மரப்பாலம், நடுவில் கால்வாய். எரிபொருளுக்காகப் பல நூற்றாண்டுகள் கரிமண்ணைத் தோண்டி எடுத்ததால் உண்டான நீர்வழிகள் இவை. தோண்டிய குழிகளுக்கு இடையே ஒல்லியான மண் வரப்புகளை மட்டும் விட்டுவைத்தார்கள். 1776இலும் 1825இலும் வந்த புயல்வெள்ளங்கள் அந்த வரப்புகளை அடித்துக்கொண்டு போக, குழிகள் சேர்ந்து ஏரிகளாகிவிட்டன. இன்றைக்கு அதெல்லாம் வேரிப்பன்-வீடன் தேசியப் பூங்கா. 1958இல் வந்த ஒரு டச்சுத் திரைப்படம் இங்கே எடுக்கப்பட்ட பிறகுதான் நாடே இந்த ஊரைத் தேடி வந்தது, பிறகு உலகமும் வந்தது.

அந்த உலகம் முழுவதும் காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரைக்குள் வந்து போவதுதான் சிக்கல். கோடையில் ஒரு சனிக்கிழமை மதியம் கால்வாயோரப் பாதையில் நடந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட ஒதுங்கி ஒதுங்கியே நேரம் போய்விடும். கால்வாயில் மின்சாரப் படகுகள் வரிசை கட்டி நிற்கும். உரிமம் எதுவும் தேவையில்லை என்பதால் முதல்முறை ஓட்டுபவர்களே அதிகம், வளைவுகளில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்பார்கள். எனக்கு அவர்கள் மேல் எந்த வருத்தமும் இல்லை, சந்தோஷமாக இருக்க வந்தவர்கள். ஆனால் அமைதி வேண்டும் என்று கேட்டவரை அங்கே அனுப்ப எனக்கு மனம் வராது. படகை எடுத்துக்கொண்டு ஊரைத் தாண்டி ஏரிப் பக்கம் போய்விட்டால் நிலைமை வேறு, நாணலும் நாரையும் மட்டும்தான். கீத்தோர்ன்தான் போக வேண்டும் என்று இருப்பவர்களுக்கு என் யோசனை அதுதான்: ஊருக்குள் சுற்றும் நேரத்தைக் குறைத்து, ஏரிக்கு நேரம் ஒதுக்குங்கள்.

பூர்தாங்க, குரோனிங்கன் மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில், ஜெர்மன் எல்லையை ஒட்டி. ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து டச்சுக்காரர்கள் நடத்திய எண்பதாண்டுப் போரில், ஸ்பானியர் வசமிருந்த குரோனிங்கன் நகருக்கும் ஜெர்மனிக்கும் இடையே சதுப்பு வழியாகப் போன ஒரே பாதையை அடைக்க, ஆரஞ்சு இளவரசர் வில்லியம் உத்தரவிட்டு எழுப்பிய ஐந்து முனை நட்சத்திரக் கோட்டை. 1851இல் ராணுவம் கைவிட்டது; 1960களுக்குப் பிறகு 1742இல் இருந்த வடிவத்துக்குத் திரும்பக் கட்டினார்கள். மேலிருந்து எடுத்த படத்தில் அந்த நட்சத்திரம் பிரமிக்க வைக்கும், உள்ளே நடக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. புல் மூடிய மண்மேடும் அகழியும்தான் தெரியும். எனக்கு அந்த மேட்டின் மேல் நடப்பது பிடித்திருந்தது. ஆனால் நண்பர் ஒருவரின் காரில் போய் ஒரு மதியம் மட்டும் இருந்துவிட்டு வந்த அனுபவம்தான் என்னுடையது, அங்கே காலையும் இரவும் எப்படி இருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ரயில் நிலையம் கிடையாது, பஸ்ஸை நம்பிப் போனால் போக வரவே பாதி நாள் போய்விடும். கார் இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம்.

இப்போது பிரேடஃபோர்ட். ஹெல்டர்லாந்து மாகாணத்தில் ஆக்டர்ஹூக் என்று சொல்லப்படும் கிழக்குப் பகுதி, இதுவும் ஜெர்மன் எல்லைக்குப் பக்கம்தான். இதுவும் ஒரு காலத்தில் சதுப்பு சூழ்ந்த கோட்டை ஊர். அதே போரில் 1597இல் மாரிட்ஸ் இளவரசர் ஸ்பானியரிடமிருந்து பிடித்தார், 1646இல் வெடிமருந்துக் கோபுரத்தில் இடி விழுந்து கோட்டை சிதறிப்போனது. இன்று மிஞ்சியிருப்பது பழைய தெரு அமைப்பும், கொஞ்சம் அகழியும், ஒரு காற்றாலையும். ஓவியர் ரெம்பிராண்ட்டின் பிற்கால வாழ்க்கையில் அவரோடு இருந்த ஹென்ட்ரிக்யே ஸ்டொஃபெல்ஸ் பிறந்தது இங்கேதான், ஒரு படைவீரரின் மகளாக. ரெம்பிராண்ட் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, திருமணம் செய்யாமல் அவரோடு வாழ்ந்தவரை 1654இல் திருச்சபை கூப்பிட்டு விசாரித்துத் தண்டித்தது. கடன்காரர்கள் ரெம்பிராண்ட்டை நெருக்கியபோது ரெம்பிராண்ட்டின் மகன் டைட்டஸோடு சேர்ந்து வியாபாரத்தைத் தன் பெயரில் ஏற்று நடத்தியதும் அவர்தான். அவருக்கு ஊரில் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்ட்டைப் பார்த்த கையோடு இங்கே வருபவர்களுக்கு அந்தச் சிலை கூடுதலாகப் பேசும்.

1993 முதல் இது புத்தக ஊர். வேல்ஸில் ஹே-ஆன்-வை, பெல்ஜியத்தில் ரெடூ என்று முன்னமே இருந்த ஊர்களைப் பார்த்து, காலியாகிக்கொண்டிருந்த வீடுகளில் பழைய புத்தகக் கடைகளைக் கொண்டுவந்தார்கள். கடைகள் முன்பைவிடக் குறைந்துவிட்டன, இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. ஊர் முழுக்கப் புத்தகம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம் வரும். டச்சு, ஜெர்மன் புத்தகங்களே அதிகம், ஆங்கிலம் ஓரளவு கிடைக்கும். எனக்கு இங்கே பிடித்தது கடை வாசலில் இருக்கும் அலமாரிகள். கடை பூட்டியிருக்கும், வெளியே சுவரோரம் மரப்பலகைத் தட்டில் மழை படாமல் பிளாஸ்டிக் உறை மாட்டிய புத்தகங்கள், பக்கத்தில் காசு போட ஒரு தகரப்பெட்டி, அதன் மேல் விலை கையால் எழுதி ஒட்டியிருக்கும். அங்கே நின்று ஒரு பழைய பறவைக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து, "நல்ல வெளிச்சம் வேண்டுமென்றால் இங்கே பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள்" என்றார். மூன்று ஊர்களில் இங்கேதான் என்னிடம் ஒருவர் காரணமில்லாமல் பேசினார்.

சரி, இதெல்லாம் ருசி சார்ந்த விஷயம். என் முடிவை உண்மையில் தீர்மானித்தது ஸ்டேஷனிலிருந்து ஊர் வரையிலான அந்தக் கடைசிக் கொஞ்ச தூரம்தான். இதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

சின்ன ஊரின் அமைதி நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. காலை ஒன்பதுக்கு முன்னாலும் மாலை ஆறுக்குப் பின்னாலும்தான் அது முழுதாகக் கிடைக்கும். ஜூன் மாதத்தில் இங்கே இரவு பத்து மணி வாக்கில்தான் சூரியன் மறையும், அதாவது கூட்டம் போன பிறகும் நாலு மணி நேர வெளிச்சம் மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் ஊரில் இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி, அதைப் பஸ் கால அட்டவணை முடிவு செய்துவிடுகிறது. கீத்தோர்னுக்கு ஸ்டேன்வைக் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். கிராமப்புற பஸ், ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும், மாலையில் இன்னும் குறைவு. அதனால் ஊர் அடங்கத் தொடங்கும் அதே நேரத்தில் நாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிறுத்தத்துக்கு ஓடுகிறோம். அங்கேயே தங்கலாம்தான், ஆனால் கோடை வார இறுதி வாடகையைப் பார்த்து நான் பின்வாங்கிவிட்டேன். அதனால் கீத்தோர்னின் இரவைப் பற்றி என்னால் சாட்சி சொல்ல முடியாது. தங்கியவர்கள் நன்றாக இருந்தது என்கிறார்கள், நம்புகிறேன்.

பிரேடஃபோர்ட்டுக்கு ஆல்டன் ஸ்டேஷனிலிருந்து நாலு கிலோமீட்டர்தான். பஸ்ஸை மறந்துவிடலாம். சைக்கிளில் கால் மணி நேரம், நடந்தால் ஒரு மணி நேரம், சமதளம். இரவு எட்டரைக்குக் கிளம்பலாம் என்று தோன்றினால் எட்டரைக்குக் கிளம்பலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. திரும்பும்போது ரயில் மாற வேண்டிய ஆர்னெம் நகருக்குப் போகும் ரயில் இரவிலும் ஓடுகிறது, ஆர்னெம் வரை ஒரு மணி நேரத்துக்குள்தான்.

அந்த நாலு கிலோமீட்டரே ஊரின் ஒரு பகுதி என்றுதான் சொல்வேன். ஆக்டர்ஹூக் நிலம் மற்ற டச்சு நிலங்களைப் போல அடிவானம் வரை வெட்டவெளியாக இருக்காது; சின்னச் சின்ன வயல், அதைச் சுற்றி வேலி போல மரங்கள், ஒரு துண்டு காடு, திரும்பினால் இன்னொரு வயல் என்று திரை விலகி விலகி வரும். பாதை தவறும் என்ற பயமும் வேண்டாம். சைக்கிள் பாதைச் சந்திப்புகளுக்கெல்லாம் எண் கொடுத்திருக்கிறார்கள், வெள்ளைப் பலகையில் பச்சை எண். கிளம்பும்போதே போக வேண்டிய எண்களை வரிசையாக ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும், போனை வெளியே எடுக்க வேண்டியதே இல்லை. பக்கத்து பெல்ஜியத்தில் 1995இல் தொடங்கிய முறை இது, இப்போது நெதர்லாந்து முழுக்கப் பரவிவிட்டது.

சொந்த சைக்கிளை ரயிலில் ஏற்ற அதற்கென்று தனி டிக்கெட் எடுக்க வேண்டும், வார நாட்களில் காலை மாலை நெரிசல் நேரத்தில் பொதுவாக ஏற்ற விடமாட்டார்கள். மடக்கு சைக்கிளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, டிக்கெட்டும் வேண்டாம். சைக்கிள் கொண்டுவராதவர்கள் சைக்கிள் கடைகளில் வாடகைக்குக் கேட்கலாம், முன்கூட்டியே போன் செய்துவிடுவது நல்லது.

சைக்கிளில் அல்லது நடந்து போவதில் இன்னொரு பெரிய லாபம் தங்கும் இடம். "ஃப்ரிண்டன் ஆப் டெ ஃபீட்ஸ்" என்று 1984 முதல் இயங்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. சைக்கிளிலோ நடந்தோ பயணம் செய்பவர்களுக்குத் தங்கள் வீட்டு அறையைத் தரும் ஆயிரக்கணக்கான வீடுகள் அதில் பதிவு செய்திருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு சிறு உறுப்பினர் கட்டணம், பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே நிர்ணயித்த தொகை, காலை உணவு உட்பட. ஓட்டல் வாடகையோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. நான் தங்கிய பண்ணை வீட்டில் காலையில் ரொட்டி, சீஸ், அவர்கள் தோட்டத்துச் செந்திராட்சை ஜாம், வீட்டுக் கோழி முட்டை. சைவம் என்று முந்தின நாளே சொல்லியிருந்ததால் இறைச்சித் தட்டைத் தனியாக மேசையின் அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள்.

சாப்பாட்டில் மூன்று ஊரும் ஏறக்குறைய ஒன்றுதான். பான்கேக், சூப், சாலட், பொரித்த உருளைக்கிழங்கு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: டச்சுக்காரர்கள் ஆறு மணிக்கே இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுவார்கள், சின்ன ஊர்களில் சமையலறை சீக்கிரம் மூடிவிடும், திங்கள் செவ்வாயில் உணவகமே திறக்காமல் இருக்கலாம். ஆல்டன் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டியும் பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம்.

யாருக்கு பிரேடஃபோர்ட்டைச் சொல்ல மாட்டேன்? முழங்கால் வலியோடு வரும் பெற்றோரை அழைத்துப் போவதாக இருந்தால் கீத்தோர்ன்தான் சரி, படகில் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்த்துவிடலாம். மே மாதத்தில் ஒரு செவ்வாய் காலை என்று வைத்துக்கொண்டால் கூட்டமும் தாங்கும். ஓடியாடும் பிள்ளைகள் இருந்து காரும் இருந்தால் பூர்தாங்க, பீரங்கியும் மண்மேடும் அவர்களுக்குப் போதும். பிரேடஃபோர்ட்டில் பார்க்க வேண்டியவை என்று பட்டியல் போட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அது போதாது என்பவர்களும் உண்டு. மழை நாளிலும் யோசிக்கத்தான் வேண்டும், சைக்கிளை நம்பியிருப்பதால். நான் போனதெல்லாம் வசந்தத்திலும் கோடையிலும்தான், நவம்பர் குளிரில் அந்தத் தெருக்கள் எப்படி இருக்கும் என்று இன்னும் பார்க்கவில்லை.

கிளம்புபவர்களுக்கு ஒரு கடைசித் தகவல். ஆர்னெமில் ரயில் மாறும்போது நிறுவனமும் மாறுகிறது. தேசிய ரயில் நிறுவனமான என்எஸ்ஸின் கம்பத்தில் கார்டைக் காட்டி செக்-அவுட் செய்துவிட்டு, ஆல்டன் ரயிலை ஓட்டும் அரிவாவின் கம்பத்தில் மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், இரண்டுக்கும் ஒரே கார்டு. மாற நேரம் குறைவாக இருக்கும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் கூடுதலாகப் பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் போட வேண்டிவரும். பிரேடஃபோர்ட்டில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை புத்தகச் சந்தை கூடும். அந்த நாளில் போனால் கடைகளெல்லாம் திறந்திருக்கும், ஆனால் ஊருக்காகப் போகிறீர்கள் என்றால் வேறு நாள் பாருங்கள்.