மூக்கைச் சீராக்க ஊசி போதுமா, கத்தி வேண்டுமா?

மூக்கின் வடிவத்தை மாற்ற நினைப்பவர்கள் முன்னால் இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தோலுக்கு அடியில் கூழை நிரப்பும் பில்லர் ஊசி. இன்னொன்று ரைனோபிளாஸ்டி என்கிற அறுவை சிகிச்சை. நான் போனது இரண்டாவது வழியில். என் அலுவலகத் தோழி போனது முதல் வழியில். அதனால் இந்த அலசல் கத்திப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். நூல் போட்டு நுனியைத் தூக்குவதும் ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. அந்த நூல் சில மாதங்களில் கரைந்துவிடும் என்பதால் அதற்குள் நான் போகவில்லை. மூக்கில் மாட்டும் கிளிப் சுத்த ஏமாற்று.

எல்லோருக்கும் தெரிந்த வித்தியாசங்களை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஊசி என்றால் அரை மணி நேரம், மரத்துப்போக ஒரு களிம்பு, மறுநாள் வேலைக்குப் போகலாம். அறுவை என்றால் பெரும்பாலும் முழு மயக்கம், 2 முதல் 4 மணி நேரம், ஒரு வாரம் மூக்கின் மேல் பிளாஸ்டர், கண்ணைச் சுற்றி ரத்தக்கட்டு. வலியிலும் விடுப்பிலும் ஊசிதான் ஜெயிக்கும். அதில் பேச ஒன்றுமில்லை.

பில்லருக்குக் கூட்டத்தான் தெரியும், கழிக்கத் தெரியாது. என் மூக்கு கிளி மூக்கு. தண்டின் நடுவில் மேடு, நுனி கொஞ்சம் கீழே தொங்கல். பில்லரில் அந்த மேட்டைக் குறைக்க முடியாது. மேட்டுக்கு மேலேயும் கீழேயும் ஹயலுரானிக் அமிலக் கூழை நிரப்பி, பக்கவாட்டில் பார்த்தால் நேர்கோடாகத் தெரியும்படி செய்வார்கள். படத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையில் மூக்கு முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகியிருக்கும். தோழிக்கு இருந்தது நேர் எதிர்: கண்களுக்கு நடுவே தண்டு பள்ளமாக இருக்கும், கண்ணாடி வழுக்கி வழுக்கி விழும். அவளுக்கு ஊசி பொருந்தியது. போட்ட அன்றே கண்ணாடி நின்றது, மூக்கும் முழியுமாக இருக்கிறாய் என்று அலுவலகத்தில் பாராட்டும் கிடைத்தது.

அப்படியானால் பள்ளம் உள்ளவர்களுக்கு ஊசி, மேடு உள்ளவர்களுக்குக் கத்தி என்று முடித்துவிடலாமே? இல்லை. நான் முடிவெடுக்கக் காரணமாக இருந்தது அடுத்த பத்து வருடம்.

மூக்கில் போட்ட பில்லர் பொதுவாக 9 மாதம் முதல் 18 மாதம் வரை நிற்கும். அப்புறம் மறுபடியும் போட வேண்டும். என் தோழிக்கு ஒரு முறைக்கு 30,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பத்து வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், அறுவைச் செலவைத் தாண்டிப் போய்விடும். சரி, காசு கூட இரண்டாம் பட்சம். பழையது முழுக்கக் கரைந்த பிறகுதான் புதியது போடப்படுகிறது என்று நினைக்காதீர்கள். முகத்தில் போட்ட பில்லர், சொன்ன காலம் கடந்தும் உள்ளே மிச்சமிருப்பது எம்ஆர்ஐ படங்களில் தெரியவந்திருக்கிறது. மிச்சத்தின் மேல் மிச்சமாகச் சேரச் சேரத் தண்டு அகலமாகிக்கொண்டே போகும். பிறகு மனம் மாறி அறுவைக்குப் போனால், பல மருத்துவர்கள் முதலில் அதைக் கரைத்து, சில வாரம் காத்திருந்துதான் கத்தியைத் தொடுவார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ரத்தக்குழாய். மூக்குத் தண்டின் மேல் ஓடும் தமனிகளுக்கும் கண்ணுக்கு ரத்தம் தரும் தமனிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஊசி முனை தவறிக் குழாய்க்குள் போய்விட்டால் கூழ் அடைத்துக்கொள்ளும். அந்த இடத்துத் தோல் கறுத்து அழுகலாம். பின்னோக்கிப் போய்க் கண்ணை அடைத்தால் பார்வையே போகும், போன பார்வை திரும்புவது மிக அரிது. முகத்தில் பில்லர் போடும் இடங்களில் மூக்கும் புருவ நடுவும்தான் இந்த வகையில் மிக ஆபத்தானவை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மூக்குக்கென்று எந்தப் பில்லருக்கும் ஒப்புதல் தரவில்லை. இப்படி நடப்பது அபூர்வம்தான், நல்ல கையில் இன்னும் அபூர்வம். ஆனால் அந்த அபூர்வத்தை ஒருமுறை எதிர்கொள்வது வேறு, ஒன்றேகால் வருடத்துக்கு ஒருமுறை போய்க் கழுத்தை நீட்டுவது வேறு. என்னைக் கத்திப் பக்கம் தள்ளியது இந்தக் கணக்குதான்.

கத்தியில் பராமரிப்பே இல்லையா என்றால், எல்லாவற்றையும் முதல் வருடத்திலேயே மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு வாரம் முன்பே ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை எல்லாம் நிறுத்தம். எனக்கு மூக்கின் இரண்டு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரும் வளைந்திருந்தது. அதை நிமிர்த்தும்போது கிடைத்த குருத்தெலும்பையே நுனிக்கு முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தினார்கள். ஆங்கில எல் வடிவத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்காவது நடுச்சுவரை விட்டுவைத்துவிட்டு மீதியை எடுப்பது வழக்கம், இல்லாவிட்டால் தண்டு உட்கார்ந்துவிடும். நுனிக்குக் கீழே, இரண்டு துளைகளுக்கும் நடுவில் சின்ன வெட்டு. அந்தத் தழும்பை இன்று நான் காட்டினால்தான் தெரியும். வெளியே வெட்டாமல் உள்ளேயே வெட்டிச் செய்யும் முறையும் உண்டு. எது என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள், அதில் நாம் அடம் பிடிக்க ஒன்றுமில்லை.

முதல் வாரத்தில் வலியைவிட மூச்சுதான் தொல்லை. மூக்கு அடைத்து, வாயால் மூச்சு விட்டே உதடு வெடித்துவிடும். தலையணையை அடுக்கிச் சாய்ந்துதான் தூக்கம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், சளியைச் சிந்தவே கூடாது. உள்ளே காய்ந்து பொருக்காகும் ரத்தத்தை உப்புத்தண்ணீர் ஸ்பிரே அடித்து ஊறவைத்து, பஞ்சுக் குச்சியால் மெல்ல எடுக்க வேண்டும். மேலுதடு விறைத்துக் கிடக்கும், சிரித்தால் வேறு யாரோ சிரிப்பது போல் இருக்கும். முன்பற்கள் கூட மரத்திருக்கும். இதெல்லாம் மெல்ல மெல்லச் சரியாகும். கண்ணாடி போடுகிறவர்கள் நாலு முதல் ஆறு வாரம் அதை மூக்கில் சுமத்தக் கூடாது; நெற்றியில் டேப் ஒட்டித் தொங்கவிட்டுக்கொள்பவர்களும் உண்டு.

பிளாஸ்டர் எடுக்கும் நாளில் கண்ணாடி பார்த்து அழாதவர்கள் குறைவு. நுனி மேலே தூக்கிக்கொண்டு, துளைகள் எதிராளிக்குத் தெரியும்படி, மூக்கே உருண்டையாக இருக்கும். என்னைப் பார்க்க வந்த அத்தை, “என்னடி இது, லட்ச ரூபாய் கொடுத்து மூக்கைத் தூக்கி நிறுத்திக்கிட்டு வந்திருக்கே” என்றார். வீக்கம் வடிய வடிய நுனி இறங்கும். பெரும்பகுதி மூன்று மாதத்தில் வடிந்துவிடும், மீதிக்கு ஒரு வருடம். நம்மில் பலருக்கு மூக்கு நுனித் தோல் தடிப்பு, எண்ணெய்ப் பிசுக்கும் அதிகம். அப்படிப்பட்ட தோலுக்கு ஒன்றரை, இரண்டு வருடம் கூட ஆகலாம். இன்னொன்றும் உண்டு: தடித்த போர்வைக்கு அடியில் கட்டில் சட்டத்தின் விளிம்பு தெரியாது. உள்ளே குருத்தெலும்பை எவ்வளவு கூராகச் செதுக்கினாலும் அந்தக் கூர்மை முழுசாக வெளியே வராது. கொரிய நடிகையின் படத்தை போனில் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

மூக்குத்தி போட்டவர்களுக்கு ஒரு தனிச் சேதி. அறுவை அறைக்குள் உலோகம் கூடாது, கழற்றியே ஆக வேண்டும். திரும்பப் போட அனுமதி கிடைப்பதற்குள் துளை தூர்ந்துவிடலாம். எனக்குத் தூர்ந்தது. மறுபடி குத்திக்கொள்ள மருத்துவர் வீக்கம் அடங்கட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

முதல் அறுவையே கடைசி என்ற உத்தரவாதம் கிடையாது. நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை மறு அறுவைக்குப் போகிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்கும் குறைந்தது ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். சிலிகோன் துண்டு வைத்துத் தண்டை உயர்த்திக்கொண்டவர் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. கிருமித் தொற்று வரலாம், பல வருடம் கழித்துக்கூட அந்தத் துண்டு தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம் என்று மருத்துவர் சொன்னதால் என் குருத்தெலும்பே போதும் என்று இருந்துவிட்டேன்.

செலவில் காப்பீட்டை நம்பாதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்குப் பட்டியலிலேயே அழகு அறுவை இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் சீரமைப்புக்குத்தான் வழி உண்டு. மருத்துவத்துக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் அழகுக்குச் செய்தால் கிடையாது. மூச்சுக்காக நடுச்சுவரை நிமிர்த்தும் பகுதிக்கு மட்டும் பாலிசியைப் பொறுத்துக் கேட்டுப் பார்க்கலாம், அதற்குத் தனி பில் வேண்டும்.

தண்டில் சின்னப் பள்ளம், மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாத உடம்பு, இல்லை மூக்கு மாறினால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிடும் ஆசை: இவர்களுக்கு ஊசி சரிதான். பிடிக்காவிட்டால் ஹயலுரானிடேஸ் என்கிற மருந்தைப் போட்டுக் கரைத்துவிடலாம், கத்தியில் அந்த வசதி இல்லை. ஆனால் ஹயலுரானிக் அமிலம் தவிர மற்ற வகைகள் அப்படிக் கரையாது, எந்த வகை என்று பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். போடுகிறவர் மருத்துவர்தானா என்றும், அந்தக் கரைக்கும் மருந்து இப்போது கிளினிக்கில் கைவசம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். “அதெல்லாம் தேவைப்படாது மேடம்” என்று சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.