நடிப்புப் பழக அல் பசினோவா, வயோலா டேவிஸா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்கு நாடகம் பழகும் பிள்ளைகள், யாருடைய நடிப்பைப் பார்த்துக் கற்பது என்று கேட்கிறார்கள். அமெரிக்க நடிகர் பசினோ, நடிகை டேவிஸ் இருவருமே ஆஸ்கர், எம்மி, டோனி விருதுகள் மூன்றையும் வென்றவர்கள்.

மேடை (டோனி): பசினோ 1969, 1977. டேவிஸ் 2001, 2010.
திரை (ஆஸ்கர்): பசினோ 1993. டேவிஸ் 2017.
தொலைக்காட்சி (எம்மி): பசினோ 2004, 2010. டேவிஸ் 2015, நாடகத் தொடரின் சிறந்த நாயகிக்கான எம்மியை வென்ற முதல் கறுப்பினப் பெண் இவர்.

ஆனால் நான் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. ‘ஃபென்சஸ்’ நாடகத்தின் ரோஸ் வேடம் டேவிஸுக்கு 2010இல் டோனியைத் தந்தது. அதே வேடம் திரைக்கு வந்தபோது ஆஸ்கரையும் தந்தது. கணவனின் துரோகம் தெரிந்து அவர் வெடிக்கும் காட்சியைப் பாருங்கள். கண்ணீரோடு மூக்கும் ஒழுகுகிறது, அவர் அழகைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. ‘டவுட்’ படத்தில் சில நிமிடங்களே வரும் தாய் வேடத்துக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அவர் பிறந்ததும் தென் கரோலினாவில் ஒரு பழைய தோட்டத்தில்தான். நம் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பசினோவுக்கு ஆஸ்கர் தந்தது, ‘சென்ட் ஆஃப் எ வுமன்’ படத்தின் பார்வையிழந்த ராணுவ அதிகாரி வேடம். நிலைகுத்திய கண்களுடன் டாங்கோ ஆடுகிறார். குரலால் கூடத்தையே நிறைக்கிறார். வசைச்சொற்கள் அதிகம் என்பதால் சிறுவர்களுக்கு ஏற்ற படமல்ல.

மைக் இல்லாத மண்டபத்தில் நீண்ட வசனம் பேசப்போகும் இளைஞர்களுக்குப் பசினோ. சிறிய வேடம் கிடைத்து முகம் வாடியிருப்பவர்களுக்கும், அம்மா வேடம் ஏற்பவர்களுக்கும் டேவிஸ். ஒருவரைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், தயங்காமல் டேவிஸ்.